சுவரைப் பார்த்த நாற்காலி

முதல் ரீல் சார் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவெடுத்தார். வீட்டின் பின்னறை தனக்குத்தான். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவர் சொந்தமாக எடுத்த இரண்டாவது முடிவு அது. முதல் முடிவு மீசை வைப்பது. அதை மனைவி ஒரே பார்வையில் மழிக்க வைத்துவிட்டாள்.

முதல் ரீல் சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். சினிமாக் கல்லூரியில் அவர் நடத்துவது ஒரே பாடம், படங்களின் தொடக்கக் காட்சி. எந்தப் படமானாலும் ஐந்து நிமிஷம் ஓட்டுவார், நிறுத்துவார், விளக்கைப் போடுவார். கதவு முழுசாகத் திறந்திருந்தால் குடும்பப் படம், மூடியிருந்தால் துப்பறியும் படம், நாலு விரல் அகலம் மட்டும் திறந்திருந்தால் பேய்ப் படம் என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வீட்டிலும் இதே கதைதான். மனைவி ஆசையாக ஒரு படத்தைப் போட்டு உட்கார்ந்தால், பெயர் போட்டு முடிப்பதற்குள் கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அவள் மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வருவாள்.

தொடக்கங்களைப் பற்றி அவர் ஒரு புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக எழுதுகிறார். முதல் அத்தியாயத்தைப் பதினோரு தடவை எழுதியாகிவிட்டது. இரண்டாவது அத்தியாயம் வராததற்குக் காரணம், தனக்கென்று ஒரு அறை இல்லாததுதான் என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

மனைவிக்கும் அந்த அறை வேண்டும். தெருவுக்கே தைத்துக் கொடுக்கிற கை அவளுடையது. தையல் மெஷின் கூடத்து மூலையில் கிடந்தது. கூடம் முழுக்க வெட்டுத் துணி, நூல்கண்டு, குண்டூசி, நட்டநடுவே தலையில்லாத தையல் பொம்மை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதற்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போனதிலிருந்து பின்னறை காலி. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். அதில் துணி வெட்ட ஒரு நீள மேசை போட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடித்தபடி பேசி முடிவு செய்வது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் தச்சர் வருவார். சுவரோடு சேர்த்து முடுக்குவது புத்தக அலமாரியா, வெட்டு மேசையா என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும். தோற்றவருக்கு ஆயுசு முழுக்கக் கூடம்தான்.

பேச்சு என்று வந்தால் தான் ஜெயிக்க முடியாது என்பது சாருக்குத் தெரியும். பேச்சே வரக் கூடாது. அந்த அறை வேண்டவே வேண்டாம் என்று அவளே சொல்ல வேண்டும். அதற்கு வழி அவருடைய பாடத்திலேயே இருந்தது. வருஷா வருஷம் வகுப்பில் சொல்வதுதான். பயத்துக்கு இருட்டு வேண்டாம், ரத்தம் வேண்டாம். பட்டப்பகலில், தெரிந்த இடத்தில், ஏதோ ஒன்று கொஞ்சமாகப் பிசகியிருந்தால் போதும். இருபது வருஷம் கற்றுக் கொடுத்ததை ஒருநாளாவது செய்து பார்க்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மனைவி துணி கொடுத்து வரப் போன நேரத்தில் காரியத்தில் இறங்கினார். பின்னறைச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முள் மூன்று பத்தில் நின்றது. நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அட்டையில் நகத்தால் மெதுவாகக் கீறிப் பதிவு செய்த சத்தத்தைத் தன் பழைய போனில் ஓடவிட்டு, அதை மகளுடைய பழைய துணி அலமாரிக்குப் பின்னால் செருகினார். கதவை நாலு விரல் அகலம் திறந்து வைத்தார். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அவருக்கே முதுகில் சில்லென்றது. பத்துக்குப் பத்து மார்க் போட்டுக்கொண்டார்.

மனைவி வந்தாள். நேராகப் பின்னறைக்குப் போனாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு வெளியே வந்தாள்.

"ஏங்க, அந்த நாற்காலியைத் திருப்பி வெச்சீங்களா?"

"நானா? நான் அந்தப் பக்கமே போகலையே."

"ஓ," என்றாள். அவ்வளவுதான். அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். வழக்கமாகப் பாத்திரத்தோடு பேசிக்கொண்டே கழுவுகிறவள் அன்று வாயே திறக்கவில்லை. சாருக்கு மனசு குளிர்ந்தது.

புதன்கிழமை அவர் கல்லூரியிலிருந்து வந்ததும் அறையை எட்டிப் பார்த்தார். கடிகாரத்தில் மணி மூன்று இருபது.

முதலில் அது உறைக்கவில்லை. கூடத்துக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. பேட்டரி இன்னும் சட்டைப்பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தார். திரும்பப் போய்க் கடிகாரத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். முள் அசையவில்லை. தானே தப்பாகப் பார்த்திருப்போம் என்று சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை மூன்று முப்பது.

யாரும் பார்க்காதபோது மட்டும், ஒரு நாளுக்குப் பத்து நிமிஷம். மனைவியிடம் பட்டும்படாமல் விசாரித்தார். அந்த அறைக்குள் போகவே தனக்கு என்னவோபோல் இருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றாள். திட்டம் பலித்துவிட்டது என்று அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நேரம் அது. குதிக்கத் தோன்றவில்லை. அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று நாற்பது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கூடத்தில் இருந்த தலையில்லாத பொம்மை பின்னறை ஜன்னலோரம் நின்றது. அவர் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போகிற கோடு போட்ட சட்டை அதன் மேல், கழுத்துப் பொத்தான்வரை போட்டு. வெயில் ஜன்னல் வழியாக விழுந்து சட்டையை மட்டும் காட்டியது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள்.

"பொம்மையை எதுக்கு உள்ள கொண்டு போன?" கூடத்துக்கு வந்து கேட்டார்.

மனைவி மெஷினை நிறுத்தினாள். கூடத்தின் நடுவைப் பார்த்தாள். "அட, அதைக் காணோமேன்னு காலைல இருந்து தேடிட்டிருக்கேன். எங்க இருக்கு?"

அவர் அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பழைய போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். போனை அணைத்துக் கல்லூரிப் பைக்குள் போட்டுப் பூட்டினார். போதும், விளையாட்டு போதும் என்று தீர்மானித்தார். எதிராளிக்கும் அந்தத் தீர்மானம் இருக்க வேண்டுமே.

சனிக்கிழமை மூன்று ஐம்பது. அப்போதுதான் கணக்குப் புரிந்தது. நாளைக்கு ஞாயிறு. நாளைக்குக் கடிகாரம் நாலைத் தொடும். தொடக்கத்தில் கடிகாரத்தைக் காட்டினால் அது காட்டுகிறவன் கொடுக்கிற வாக்கு என்று அவர்தான் வருஷா வருஷம் வகுப்பில் முழங்குவார். என்ன வாக்கு? அதுதான் தெரியவில்லை. ஒரு பேய்ப் படத்தைக்கூட அவர் ஆறாவது நிமிஷம் பார்த்ததில்லை. ஆராய்ச்சிக்கு ஐந்து நிமிஷம் போதும் என்று வெளியே சொல்லிக்கொள்வார். உண்மை என்னவென்றால் அவருக்குப் பயம். அது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி தரையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ இந்தப் பேய்ப் படமெல்லாம் கடைசிவரைக்கும் பாப்பியே."

"ஆமா, பாப்பேன்."

"சும்மா ஒரு ஆராய்ச்சிக்குக் கேக்கறேன். ஒரு வீட்டுல ஒரு அறை இருக்கு. அதுல ஒவ்வொண்ணா ஏதோ நடக்குது. கடைசில என்ன ஆகும்?"

அவள் கத்தரிக்கோலை நிறுத்தாமல் யோசித்தாள். "ஒவ்வொரு படத்துல ஒவ்வொரு மாதிரி. ஆனா ஒண்ணு மட்டும் மாறாது. அந்த அறை மேல யாரு ஆசைப்படறாங்களோ அவங்களைத்தான் அது பிடிச்சுக்கும்."

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"மனசாரச் சொல்லணும். வாய் வார்த்தையாச் சொன்னா அதுக்குத் தெரிஞ்சிடும்." துணியின் ஓரத்தை மடித்தாள். "ஆனா பாவம், யாரும் நேரத்தோட சொல்றதில்லைங்க."

ஞாயிற்றுக்கிழமை. மனைவி அடுக்களையில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். நாலடிக்க ஐந்து நிமிஷம். சார் பின்னறை வாசலில் நின்றார். படித்த மனுஷன், இருபது வருஷம் பாடம் நடத்தியவன், ஒரு கதவுக்குப் பயப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டு ஒரு விரலால் தள்ளினார்.

கடிகாரம் நாலு மணி காட்டியது. கோடு போட்ட சட்டை ஜன்னலோரம் நின்றது. அலமாரிக்குப் பின்னால் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. பழைய போன் அவர் பையில் பூட்டிக் கிடக்கிறது. சத்தம் நின்றது. மறுபடியும் கீறியது. அவர் மெதுவாக நாற்காலியைப் பார்த்தார். ஐந்து நாளாகச் சுவரைப் பார்த்திருந்த நாற்காலி இப்போது வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அவர் அடுக்களைக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

"அறையை நீயே எடுத்துக்கோ."

மனைவி டீயை வடிகட்டினாள். "என்னங்க திடீர்னு? உங்க புத்தகம் என்ன ஆறது?"

"புத்தகம் கெடக்குது. நீ எடுத்துக்கோம்மா."

"வேண்டாங்க. வாய் வார்த்தையாச் சொல்றீங்க."

"இல்ல, மனசார," என்றார். "மனசாரச் சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். எனக்கு அந்த அறையே வேண்டாம்."

அவள் டீயை அவர் கையில் கொடுத்தாள். அவர் வற்புறுத்துவதால் ஒப்புக்கொள்வதாகச் சொன்னாள். அப்படிச் சொன்னபோது அவள் கண் கொஞ்சம் கலங்கியதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. தான் செய்தது தியாகம் என்று டீ ஆறுவதற்குள் நம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் தச்சர் வந்தார். கூடவே இரண்டு ஆட்கள் ஒரு நீளமான வெட்டு மேசையைத் தூக்கி வந்தார்கள். மெருகேற்றி, விளிம்பில் அளவுக்கோடுகூடப் போட்டிருந்தது. வந்த சுருக்கில் பின்னறைச் சுவரோடு சேர்த்து எட்டு ஸ்க்ரூ முடுக்கினார்கள். சார் கூடத்தில் நின்று பெருந்தன்மையோடு மேற்பார்வை செய்தார். நாலாவது ஸ்க்ரூவில்தான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நேத்து சாயங்காலம்தான மேசைன்னு முடிவாச்சு. ராத்திரிக்குள்ள எப்படிச் செஞ்சீங்க?"

தச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நேத்தா? அம்மா போன திங்கக்கிழமையே போன் பண்ணி ஆர்டர் குடுத்துட்டாங்களே. முதல்ல புத்தக அலமாரிதான் சொன்னாங்க. புதன்கிழமை மறுபடி கூப்பிட்டு, அலமாரி வேண்டாம், மேசையாப் போடுங்கன்னாங்க."

சார் திரும்பினார். மனைவி பொம்மையிலிருந்து கோடு போட்ட சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தாள். அவளே சொல்ல ஆரம்பித்தாள். கடிகாரத்துக்குப் பின்னால் திருகு இருக்கிறது, திருகினால் முள் நகரும். கீறல் சத்தத்தை அவர் போனிலிருந்தே தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். வருஷா வருஷம் அவர் அடுக்களை வாசலில் நின்று பாடத்தை ஒத்திகை பார்த்தது வீண்போகவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேய்ப் படம் அவருக்கு ஆகாது என்பது கல்யாணமான மாசமே தெரியும்.

"அப்ப அந்தப் புத்தக அலமாரி?" என்றார் சார், பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று.

அவள் சட்டையை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை நான் நேரா அந்த அறைக்குப் போனதே அலமாரிக்கு எந்தச் சுவர் சரியா வரும்னு பாக்கத்தாங்க. அறை உங்களுக்குத்தான்னு முந்தின நாளே முடிவு பண்ணியாச்சு."