டேவிஸ் கோப்பையும் முன்னறை மச்சினனும்

1974-ஆம் வருஷம் இந்தியா டேவிஸ் கோப்பையை ஜெயிக்க வேண்டுமென்று என்னைப் போல உள்ளம் உருகி ஜெபித்தவன் தூத்துக்குடியில் மட்டுமல்ல, இந்தத் தேசத்திலேயே இருந்திருக்க மாட்டான். தேசபக்தி என்று நினைத்து யாரும் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம். டென்னிஸ் மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. காரணம் ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் சுந்தர்சிங். என் மச்சினன்.

ஜனவரி மாதம் சொந்த ஊரான நாசரேத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினான். "நாலு நாள் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்றான். புதுத் துறைமுகம் திறக்கப் போகிறார்கள், திறந்த கையோடு இவனைத் தேடுவார்கள் என்று அவனுக்கு எண்ணம். ஜூலையில் திறந்தார்கள். கப்பல் வந்தது. கிரேன் வந்தது. ஊரே போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தது. இவனை மட்டும் ஒருத்தனும் தேடவில்லை. இவனும் ஒருத்தரையும் தேடவில்லை. என் வீட்டு முன்னறையில் என் ஈசிசேரில் சாய்ந்து, என் ரேடியோவில் சிலோன் ஸ்டேஷனைத் திருப்பி, சினிமாப் பாட்டுக்குக் கால் ஆட்டிக்கொண்டிருந்தான்.

காலையில் குளிப்பான். முகத்துக்கு என் பவுடரைப் போடுவான். வேலை தேடப் போகிறவன் லட்சணம் எல்லாம் இருக்கும். போட்டுக்கொண்டு எங்கே போவான்? ஈசிசேருக்கு.

கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக எனக்கென்று இருந்த சீலாமீன் தலை அவன் தட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் ஆசையாக வாங்கி வருகிற முந்திரி மக்ரோன் பொட்டலத்தில், நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வருவதற்குள் பொடிதான் மிஞ்சும்.

"கிருபா, உன் தம்பிக்கு நாசரேத்துல சோறு கிடையாதாளா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சோறு அங்கனயும் இருக்கு. மீனு இங்கனல்லா இருக்கு" என்றாள்.

என் மனைவி கிருபாபாய் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் பேசுவதெல்லாம் இப்படித்தான், கேள்விக்கு மேலே சிவப்பு மையால் சுழித்த மாதிரி இருக்கும்.

நான் மட்டும் என்ன இளைத்தவனா? தேவதாசன் என்றால் பீச் ரோட்டில் தெரியாத ஆள் கிடையாது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் தலைமை கிளார்க். உலகத்துத் துறைமுகம் அத்தனையும் என் நாக்கு நுனியில் இருக்கும். எந்த ஊருக்கு எது போகும், எந்த ஊருக்கு எது போகக் கூடாது என்று சாப்பிடும்போதெல்லாம் கிருபாவுக்குப் பாடம் நடத்துவேன். அவள் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காதில் ஏறுகிற மாதிரியே தெரியாது.

இப்படி இருக்கையில்தான் டென்னிஸ் வந்தது. மே மாதம் நம் பையன்கள் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை அடித்தார்கள். செப்டம்பரில் பூனாவில் ரஷ்யாவை அடித்தார்கள். எங்கள் ஆபீசில் பம்பரம்கூட விடத் தெரியாத தடியன்களெல்லாம் டென்னிஸ் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். காபி குடிக்கிற கையை ஓங்கி, 'பேக்ஹேண்டு, பேக்ஹேண்டு' என்று அடுத்தவன் சட்டையில் ஊற்றினார்கள். அந்த மூடக்கூட்டத்தில் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை முழுசாகப் படித்தவன் நான் ஒருத்தன்தான். அந்தப் பக்கத்தைத் தவிர வேறெதையும் நான் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

படித்ததும் எனக்கு ஞானோதயம் உண்டாயிற்று. ஆஸ்திரேலியாவையே அடித்தாயிற்று. ரஷ்யாவையே அடித்தாயிற்று. மிச்சம் ஒரே ஒரு ஆட்டம். கண்ணை மூடிக்கொண்டு பந்தயம் கட்டலாம். மச்சினனை மூட்டை கட்டலாம்!

அன்று சாயங்காலமே அடுப்படிக்குப் போனேன். கிருபா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏளா, ஒரு பந்தயம்."

"பந்தயமா? நல்லா இருக்கு. காலைல வேதம் வாசிச்ச வாயில்லா அது? பந்தயம்னா சூது. நம்ம வீட்டுல அது ஆகாது."

எங்கள் வீடுகளில் இது ஒரு தொந்தரவு. பந்தயம் கட்டினால் பாவம். ஆனால் அதையே கர்த்தர் சமூகத்தில் 'பொருத்தனை' என்று சொல்லிவிட்டால் பாவம் போய்விடும். என்ன, பொருத்தனை பண்ணினால் பண்ணினதுதான். எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியாக வேண்டும்.

"சரி, பொருத்தனைன்னே வச்சுக்கோ. இந்தியா டேவிஸ் கப்பை ஜெயிச்சா உன் தம்பி ஒரே வாரத்துல நாசரேத் பஸ் ஏறணும்."

"அது என்ன விளையாட்டு?"

"டென்னிஸ். வலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன். பதினஞ்சு, முப்பது, நாப்பதுன்னு எண்ணுவான்."

"முப்பதுக்கு அப்புறம் நாப்பத்தஞ்சுல்லா வரணும்? இவனுவளுக்கு எந்த வாத்தியாரு கணக்குச் சொல்லிக் குடுத்தாரு?"

"அது வெள்ளைக்காரன் கணக்கு. உனக்குப் புரியாது."

"ஒண்ணுமே எடுக்கலன்னா?"

"லவ்வுன்னு சொல்லுவான். அப்படின்னா பூஜ்யம்."

என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். "சரியாத்தான் பேரு வச்சிருக்கான்" என்றாள்.

டீச்சர் இல்லையா, அடுத்து வருகைப் பதிவேட்டுக்குப் போனாள்.

"ஆட வேண்டியவன் வரலன்னா என்ன செய்வாங்க?"

"வந்தவனுக்குக் கப்பைக் குடுத்திருவான். வாக்கோவர்னு பேரு. வராதவன் தோத்தவன். உலகம் பூரா அதான் சட்டம்!" என்று தொடையைத் தட்டினேன். ஒரு டீச்சருக்கே பாடம் சொல்லுகிற சந்தோஷம் எனக்கு.

"எதுத்தாப்புல ஆடுதது யாரு?"

"தென்னாப்பிரிக்கா. இப்பத்தான் இத்தாலியத் தட்டிட்டு வந்திருக்கான். நம்ம பையன்மாரு கையில சட்னிதான்."

உள்ளி உரித்த கை அப்படியே நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, எழுதுங்க" என்றாள்.

பதினோரு வருஷத்தில் நான் சொன்ன ஒரு காரியத்துக்கு அவள் இத்தனை சீக்கிரம் சம்மதித்தது கிடையாது. புத்தியுள்ளவன் அந்த நிமிஷமே கொல்லைவழியாக ஓடியிருப்பான். நான் பேனாவைத் தேடி ஓடினேன்.

எங்கள் கல்யாணத் தேதி எழுதியிருக்கிற குடும்ப வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'டேவிஸ் கோப்பை இந்தியாவுக்கு வந்தால் சுந்தர்சிங் ஒரு வாரத்தில் நாசரேத் போவான். வேறு எவனுக்குப் போனாலும், அடுத்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனை முடியும்வரை அவன் இந்த வீட்டிலேயே தங்கி, இந்த வீட்டுச் சாப்பாடே சாப்பிடுவான். நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.' வீட்டிலேயே, சாப்பாடே என்று அழுத்தியதெல்லாம் என் சொந்தச் சரக்கு. தோற்கிற பக்கத்தைத் தாராளமாக எழுதிவிட வேண்டும், அதுதான் பெருந்தன்மை. சாட்சிக் கையெழுத்து சுந்தர்சிங் போட்டான். தன்னைத் துரத்துகிற கடுதாசியில் பல்லை இளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட முட்டாளை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவன்மேல் எனக்கு இரக்கமே வந்துவிட்டது. போகிற பையன்தானே! "மாப்ளே, இன்னொரு மக்ரோன் எடுத்துக்கோ" என்றேன். நாசரேத் பஸ் புறப்படுகிற நேரத்தை விசாரித்து வைத்தேன். அவனுடைய தகரப்பெட்டியைக் கட்டப் புதுக் கயிறுகூட வாங்கி வந்தேன்.

"கயிறு எதுக்கு அத்தான்?"

"தேவைப்படும்லே" என்றேன், சிரித்துக்கொண்டே.

ஒருநாள் காலை. நான் முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். ஈசிசேரிலிருந்து மக்ரோனை நொறுக்கிக்கொண்டே சுந்தர்சிங் பேப்பரை வாசித்தான். "அத்தான், நம்ம டீம் தென்னாப்பிரிக்காவோட ஆடாதாம். அங்க கறுப்பு வெள்ளைன்னு ஆளைப் பிரிச்சு வைக்கான்லா, அதனால மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஒரு பந்துகூட அடிக்காம கப்பு அவனுக்காம்."

கன்னத்தில் ரத்தம் வந்துவிட்டது. "ஆடாம என்னல? போய் ரெண்டு அடி அடிச்சிட்டுக் கப்பைத் தூக்கிட்டு வர வேண்டியதுதானே? பயந்தாங்கொள்ளிப் பயலுவ!"

கிருபா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"யாரைச் சொல்லுதீய பயந்தாங்கொள்ளின்னு? கறுத்த தோலுன்னா தனி வாசல்ல விடுத ஊரு அது. அங்கன நம்ம பிள்ளைய போய்ப் பல்லக் காட்டிப் பந்தடிக்கணுமாக்கும்? உங்க நிறத்துக்கு உங்களை வேடிக்கை பார்க்கக்கூட உள்ள விட மாட்டான். கண்ணாடி முன்னாலதானே நிக்கீய, பாருங்க."

பார்த்தேன். பாதி நுரை, பாதி நிஜம். அவள் சொன்னது வாஸ்தவம்தான். சட்டென்று வேறு பக்கம் திரும்பினேன்.

"சரிளா, நானும் அதைத்தான் சொல்லுதேன். மானம்தான் பெருசு. ஆட்டமே நடக்கல, அப்போ பொருத்தனையும் கிடையாது. கணக்கு சரியாப் போச்சு."

"வராதவன் தோத்தவன்னு தொடையைத் தட்டினது யாரு?"

"நாம தோக்கலளா. போகல. அது கவுரவம்!"

"கவுரவந்தான். யாரு இல்லன்னா? கைதட்டுவோம். கப்பு யாருட்ட இருக்கு?"

இந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரோச் அண்ணாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டினார். கொழும்புக்குத் தோணி விடுகிறவர். ஊர் வழக்கு என்றால் அவருக்குப் பழைய சோறும் சாளைமீனும் மாதிரி. கிருபா அவரையே அம்பயர் ஆக்கிவிட்டாள்.

"அண்ணாச்சி, கடலுக்குப் போகாதவனுக்கு மீன்ல பங்கு உண்டுமா?"

"அது எப்படிம்மா? வள்ளத்துல ஏறினவனுக்குத்தான் பங்கு. ஏறாதவன் நல்ல காரணத்துக்கே ஏறாம இருந்திருப்பான். அவனைக் கும்பிட்டுக்கலாம். பங்கு கிடையாது."

தலை உள்ளே போய்விட்டது. தீர்ப்பும் முடிந்துவிட்டது.

எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. "ஏளா, இவனுவ போக மாட்டானுவன்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"நீங்கதானே சொன்னீய."

"நானா? எப்போ?"

"வருசம் பூரா சொன்னீய. தூத்துக்குடியில இருந்து தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு மூட்டை உப்பு ஏத்தக் கூடாது, கவர்மெண்டு சட்டம்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கீய. உப்பே போகாத ஊருக்கு ஆளு போவானா?"

தலைமை கிளார்க்! உலகத்துத் துறைமுகம் எல்லாம் நாக்கு நுனியில்! என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். பாடம் நடத்தின நான் மறந்துவிட்டேன், குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மறக்கவில்லை.

சரி, பதினைந்து மாசம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் சுந்தர்சிங் பவ்யமாக வந்து ஒரு கவரை நீட்டினான்.

"அத்தான், அக்கா எழுதிப்போட்ட மனுவுக்கு சாகுபுரத்துல ஃபேக்டரி வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரணும்."

எனக்குக் காதுக்குள் கோயில் பாமாலைப் பாட்டு கேட்டது. "கோட்டர்ஸ் உண்டுமாலே?"

"உண்டு அத்தான். ஃபேனோட."

"என் ராசா! கயிறு தயாரா இருக்கு. பெட்டியைக் கட்டு மாப்ளே!"

"அது எப்படி அத்தான்? அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கனயே தங்கி, இங்கனயே சாப்பிடணும்னு வேதப்புத்தகத்துல நீங்க எழுதியிருக்கீயல்லா. பொருத்தனையை மீறலாமா? கோட்டர்ஸ் வேண்டாம்னு எழுதிக் குடுத்திட்டேன். தினமும் பஸ்ல போயிட்டு வந்திருவேன். அக்கா கேரியர்ல சோறு தாரேன்னிருக்கா."

அந்தக் கேரியர் நான் ஆபீசுக்குக் கொண்டு போகிற கேரியர். கயிற்றைக் கொல்லையில் கட்டி, இவனுடைய ஃபேக்டரிச் சட்டையைக் காயப்போட இடமும் பார்த்துவிட்டார்கள்.

மெதுவாகக் கிருபா பக்கம் திரும்பினேன். "இந்த ஆர்டர் எப்போ வந்துச்சுளா?"

"நீங்க பந்தயம்னு வந்து நின்னீயல்லா, அன்னிக்குக் காலைல. தன்னந்தனியா அந்த ஊருல போயி என்னத்தச் சாப்பிடுவானோன்னு நெனச்சு நெனச்சு அழுதுக்கிட்டிருந்தேன். கர்த்தரே, ஒரு வழி காட்டும்னு கேட்டேன். நீங்க உள்ள வந்தீய."

"அப்போ அந்தக் கண்ணீர்... உள்ளி இல்லையா?"

"உள்ளிக்கு எவளாவது அவ்வளவு அழுவாளா?" என்றாள். கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்:

"நீங்க சும்மா வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, ஒண்ணாந்தேதி அவனே போயிருப்பான்."