மூன்றாம் பந்திக்குப் பிறகு வருபவள்

ஆவடி வட்டாரத்திலேயே அதிகக் கல்யாணங்களுக்கு வந்துபோனவள் எங்கள் ‘மொசைக்’தான். அவளை யாரும் அழைத்ததில்லை. ஒரு தாலி கட்டலையும் அவள் பார்த்ததில்லை, ஒரு கை சோறும் தின்றதில்லை. கடைசிப் பந்தி எழுந்து, இலையெடுத்து, முதல் வாளித் தண்ணீர் தரையில் விழும் சத்தம் கேட்டால் போதும். ஹாக்கி மட்டையும் கையுமாகப் பின்வாசலில் நிற்பாள்.

எண்பதுகளின் பின்பாதியில் நான் பருத்திப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். முகூர்த்த நாட்களைக் கரும்பலகையில் எழுதுவதும், செருப்பைப் பறிகொடுத்தவர்களைச் சமாதானப்படுத்துவதும் என் வேலை. மொசைக்குக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. பங்குச் சாமியாரைத் தவிர யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுடைய அப்பா ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு; ஹாக்கி அணியில் முன்வரிசை.

அந்தக் கல்லூரி மைதானத்தில் புல்லைவிடக் கல் அதிகம். பந்து ஒரு கல்லில் பட்டு எகிறும், இன்னொன்றில் பட்டுத் திரும்பும். ஒவ்வொரு கல்லின் குணமும் அவளுக்குச் சொந்தக்காரர்களின் குணம்போல அத்துப்படி. அந்த அறிவை வைத்தே மாநில அணிவரை போய்விட்டாள். இந்திய அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வடக்கே கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். அன்று மண்டபத்தில் ஒரு கல்யாணம் முடிந்து, சாப்பாட்டுக் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னம்மா, போன காரியம் என்னாச்சு?”

“அங்க பந்து நேரா வருதுண்ணா.”

“நல்லதுதானே?”

“எங்க நல்லது? இப்ப எகிறும், இப்ப எகிறும்னு குனிஞ்சுகினு நின்னேன். அது எகிறவே இல்ல. அது பாட்டுக்குப் போய்கினே கீது.”

அங்கே மைதானம் செயற்கைப் புல்லால் ஆன பச்சைக் கம்பளம். பந்து வழுக்கிக்கொண்டு போவதற்காக அதன்மேல் தண்ணீர் வேறு தெளித்திருந்தார்களாம். அடுத்த வருடம் இன்னொரு முறை பார்ப்பார்கள். அதிலும் கோட்டைவிட்டால் இந்திய அணியும் இல்லை, அதன் சட்டையும் இல்லை. சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சினாள்.

அந்த நேரத்தில், கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா காலில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இடறியது. ஈர மொசைக் தரையில் அது சறுக்கிக்கொண்டு, துளி எகிறாமல், எதிர்ச்சுவர்வரை போய் நின்றது. மொசைக் (அந்த நிமிடம்வரை அவளுக்கு அந்தப் பெயர் இல்லை) டம்ளரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடிப்போய் மட்டையோடு வந்தாள்.

அன்று தொடங்கியதுதான். கன்னியம்மா துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவாள். மொசைக் அவளைச் சுற்றிச் சுற்றிப் பந்தைத் தள்ளிக்கொண்டு போவாள்.

“ஏம்மே, நான் தள்னா எனக்கு சம்பளம் குடுக்கறாங்கோ. நீ தள்னா உனக்கு இன்னா குடுப்பாங்கோ?”

“இந்தியான்னு எழுதின சட்டை குடுப்பாங்கக்கா.”

“சட்டையா? கல்யாண ஊட்ல நல்லபடியா கேட்டா பொடவையே குடுப்பாங்களே!”

ஒருநாள் பந்து போய் சாம்பார் அண்டாவில் மோதியது. கோயில் மணிபோல எழுந்த அந்தச் சத்தத்தில், மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் கீழே ஏதோ தகராறு என்று பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். அண்டாவில் விழுந்த ஒடுக்கு கடைசிவரை போகவில்லை. அன்றிலிருந்து, எதிர்ச்சுவரோரம் இருந்த அந்த அண்டாதான் அவளுக்குக் கோல்.

அந்தத் தரையில் ஒரு கோளாறு இருந்தது. கழுவிய தண்ணீர் வடிவதற்காக, இடது மூலை ஜல்தாரிப் பக்கம் தரையைச் சாய்த்துக் கட்டியிருந்தார் மேஸ்திரி. பந்தும் அந்தப் பக்கமே சரியும். ஆகவே எதை அடித்தாலும் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி அடிக்கப் பழகிக்கொண்டாள் மொசைக்.

முகூர்த்தம் இருந்தால்தான் பயிற்சி. அதனால் வைகாசியில் பிரமாதமாக ஆடுவாள், மார்கழியில் துருப்பிடித்துப்போவாள். வேதக்காரப் பெண், பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள். நான் கரும்பலகையில் ஒரு தேதியைத் தவறாக எழுதினால் வாசலில் நின்றே திருத்துவாள்.

தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஆவணி முதல் வாரத்தில் தேர்வு. அதற்கு முன்னால் முழுசாக ஓர் ஆடி மாதம்! ஆடியில் மண்டபம் பூட்டிக் கிடக்கும். அந்த வருடமோ ஏரியே வெடித்துக் கிடந்தது. நான் முதலாளியிடம் போய் நின்றேன். மோட்டார் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பவர் அவர்.

“கல்யாணம் இல்லாம ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது மேனேஜர். லாரிக்காரன் கால்ல விழாத கொறையா நான் தண்ணி வாங்கறேன், இந்தப் பொண்ணு பந்து உருட்டவா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் அதை மொசைக்கிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தாள்.

“கல்யாணம் நடந்தா தண்ணி உடுவாரா?”

“விடுவார். ஆடியில எவன்மா கல்யாணம் பண்ணுவான்?”

“எங்க அண்ணன் பண்ணுவான்.”

அண்ணனுக்கு வானகரத்தில் பெண் பார்த்து, ஆவணிக் கடைசியில் தேதி குறித்திருந்தார்கள். அன்று மாலையே பஸ் பிடித்துப் பெண் வீட்டுக்குப் போனாள். ஆடியில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், நல்ல சமையல்காரர் சும்மா இருப்பார், நமக்கென்ன ஆடி ஆவணி என்று பேசி, பெண்ணின் அப்பாவைத் தலையாட்ட வைத்துவிட்டாள். தேதி மாறிய விஷயம் மாப்பிள்ளைக்கு மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோதுதான் தெரிந்தது என்பார்கள். அது மிகை, முந்தின நாளே சொல்லிவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின இரவு விருந்து, கல்யாண விருந்து, ரிசப்ஷன். ‘வர முடியாதவர்களுக்கு’ என்று மறுநாள் நாலாவதாக ஒரு விருந்தையும் கண்டுபிடித்தாள். பந்திக்குப் பந்தி கழுவியாக வேண்டும் என்று முதலாளியிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கியிருந்தாள். குடும்பமே போட்டோவுக்கு நிற்க, மாப்பிள்ளையின் தங்கையை மட்டும் காணோம். போட்டோக்காரர் தேடிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தால், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் சுவரோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தீவிரம். நானும் கன்னியம்மாவும் சுவரோரமாக ஒதுங்கி, கல்யாணத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆவணியில் போனாள், இந்த முறை தேர்வாகிவிட்டாள். “தோள் இடப்பக்கம் காட்டுது, பந்து வலப்பக்கம் போகுது. இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?” என்று அங்கே கேட்டார்களாம். “எங்க ஊர் மேஸ்திரி சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டெல்லியில் வெளிநாட்டு அணியோடு ஆட்டம். முதலாளி தன் வீட்டு டி.வி.யைச் சாப்பாட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். தெருவே திரண்டிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். பத்துத் தெருவுக்கு ஒரு வாரம் காணும் தண்ணீர். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“யோவ், யாருய்யா அது? மோட்டார நிறுத்தச் சொல்லுய்யா!”

“கழுவ உடு நைனா!” என்றாள் கன்னியம்மா, டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நம்ம பொண்ணு வரணும்ல?”

வந்தாள். எங்கள் மொசைக், இந்தியா சட்டையில். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து அவளிடம் வந்தது, நேராக. அவள் தோள் இடப்பக்கம் சாய்ந்தது. எதிரணிக் கோல்கீப்பரும் அந்தப் பக்கமே பாய்ந்தாள். பந்து ஒரு சாண் வலப்பக்கமாகப் போய்க் கோலின் பின்பலகையில் ‘டங்’கென்று மோதியது. அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் பழக்கமான சத்தம். கூடத்தில் எழுந்த கூச்சலில் முதலாளி என்னைக் கட்டிப்பிடித்ததை, பிற்பாடு அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலையில் அரைஞாண் கயிற்றிலிருந்து மோட்டார் சாவியை அவிழ்த்து என் மேஜைமேல் வைத்தார். “ஆடியிலயும் ஒரு தபா கழுவணும் மேனேஜர். தூசு சேருது.”

மொசைக் பிறகு பல நாடுகளுக்குப் போய் ஆடினாள். வேலையும் வடக்கே கிடைத்தது. விடுமுறைக்கு எப்போது வருவாள் என்று சொல்ல முடியாது. நான் அந்த மண்டபத்தை விட்டு வந்த வருடம்வரை, ஒவ்வோர் ஆடியிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமே இல்லாத அந்தக் கூடத்தை நானும் கன்னியம்மாவும் கழுவினோம். எல்லாச் சாமான்களையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒடுக்கு விழுந்த அந்தச் சாம்பார் அண்டாவை மட்டும் எதிர்ச்சுவரோரம், அது எப்போதும் இருந்த இடத்திலேயே விட்டுவைப்போம்.