குண்டுவின் எடை கூடியது தொடர்பாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும்,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அங்கே பேத்தியும் அவளைப் பெற்றவர்களும் உங்கள் கவனிப்பில் சௌக்கியமாக இருப்பார்கள் என்று எழுதி, அரைப் பக்கம் நல்ல வார்த்தையாக நிரப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அந்த அரைப் பக்கத்தை எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய் குண்டு எடை கூடிவிட்டான். முதல் வாரம் அரைக் கிலோ, இரண்டாவது வாரம் எழுநூறு கிராம். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே சமையல் மேடையில் பாதி, ஜன்னல் விளிம்பில் பாதி என்று நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நமக்குள் இருந்த ஏற்பாடு உங்களுக்கு மறந்திருக்காது. இருந்தாலும் பேத்தியைக் கொஞ்சுகிற சந்தோஷத்தில் எதுவும் மறந்துபோகும் என்பதால் ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். மகளும் மாப்பிள்ளையும் இருக்கும் வீட்டில் கூடுதலாக இருப்பது ஒரே ஓர் அறை. ஆகவே முதலில் நீங்கள் இருவரும் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, அதுவரை உங்கள் நாயையும் பூனையையும் நாங்கள் வைத்துக்கொள்வது. குண்டுவின் பின்னங்கால் முட்டியில் ஆபரேஷன். பதினெட்டுக் கிலோவுக்குக் கீழே வந்தால்தான் மயக்க ஊசி போடுவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் இளைத்தால் நீங்கள் ஆபரேஷனுக்குத் திரும்புவீர்கள், அறை காலியாகும், நாங்கள் கிளம்புவோம். சுருக்கமாகச் சொன்னால், இந்த நாய் இளைக்காமல் நான் என் பேத்தியைத் தூக்க முடியாது. அவள் பிறந்து இருபத்தோரு நாள் ஆகிறது. போனில் காட்டினீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு காதும் போர்வையும் தெரிந்தன. என் மனைவி பெட்டியைக் கட்டி வாசல் ஓரமாக வைத்துப் பதினாறு நாள் ஆகிறது. குண்டு தினமும் அந்தப் பெட்டியை மோந்துவிட்டுத்தான் நடக்கப் போகிறான். அங்கே ஒரு ஜீவன் எடை கூட வேண்டும், இங்கே ஒரு ஜீவன் எடை குறைய வேண்டும், அவ்வளவுதான் வேலை. உங்கள் பக்கத்து வேலை ஒழுங்காக நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். என் பக்கம்தான் மானம் போகிறது.

கடையில் விற்கிற நாய்த் தின்பண்டம் எதுவும் வேண்டாம், வீட்டில் செய்தது மட்டும், ஒரு துண்டு ஐந்து கிராம், நாளைக்குப் பத்துத் துண்டு, அதற்குமேல் ஒரு பருக்கை கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. சம்பந்தி அம்மா கிளம்புகிற அவசரத்தில் செய்முறை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'கோழி ஈரல் கொஞ்சம். பூசணிக்காய் ஒரு கை. ஓட்ஸ் மாவு, கலவை பிடிக்கிற அளவு. முட்டை ஒன்று. உப்பு, சர்க்கரை, வெங்காயம், பூண்டு, திராட்சை கண்ணிலேயே காட்டக் கூடாது.' கடைசி வரி அருமையான வரி, சட்டம் மாதிரி இருக்கிறது. ஆனால் முதல் மூன்று வரியில் கிராம் கணக்கு ஒன்றுகூட இல்லை. முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடைத்தெருவில் நான் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நிமிர்ந்து நிற்கும். அப்படிப்பட்டவனிடம் வந்து 'கொஞ்சம்' என்றால் என்ன செய்வது? போன் போட்டேன்.

"கொஞ்சம்னா எத்தனை கிராம்மா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான் அண்ணா."

"ஒரு கைன்னு எழுதியிருக்கீங்களே, யாரோட கை?"

"செய்யறவங்க கைதான். குழந்தை அழுவுது, வச்சுடறேன்."

அதற்குமேல் கேட்பது சம்பந்திக்கு மரியாதை இல்லை என்பதால் விட்டுவிட்டேன். நானே ஓர் அளவு ஏற்படுத்தினேன். ஈரல் இருநூறு கிராம் வேகவைத்தேன்; பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, அந்த வாசனைக்குத் தெருவில் இருந்த பூனைகள் அத்தனையும் ஜன்னலில் வந்து வரிசையாக உட்கார்ந்து, என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு மூக்கில் துணியோடு படுத்துவிட்டாள். பூசணியை மசித்தேன், மாவைக் கலந்தேன், தேய்த்தேன், கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டினேன், ஓவனில் வைத்தேன். ஓவனில் வைத்தால் ஈரம் போய் எடை குறையும் என்பது எனக்கு அப்போது நினைவில்லை. ஐந்து கிராமாக உள்ளே போனதெல்லாம் மூன்றரை கிராமாக வெளியே வந்தது. மறுபடி பெரிதாக வெட்டினேன், ஆறு கிராமாக வந்தது. ஓவனின் வலது மூலையில் சூடு அதிகம், இடது மூலையில் குறைவு, இதையெல்லாம் ஒரு நோட்டில் வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை அறுபது துண்டு போடுகிறேன். ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் வைத்துப் பார்க்கிறேன். ஐந்து கிராம் சரியாக இருப்பது இருபது துண்டு தேறும். அவற்றை எண்ணி டப்பாவில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். மீதி நாற்பதைத் தகுதியற்ற சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறேன். தகுதியற்ற சரக்கை வைத்திருக்கக் கூடாது, உடனே அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் இலாகாவில் பழைய நடைமுறை. அதைக் குண்டுவே பக்கத்தில் நின்று அழித்துக் கொடுத்துவிடுகிறான். அந்த விஷயத்தில் அவன் ரொம்ப ஒத்தாசை. ஒதுக்கிய துண்டை என் கையிலிருந்து வாங்கும்போது அவன் பார்க்கிற பார்வை இருக்கிறதே சம்பந்தி, என் சர்வீஸ் முழுக்க நான் ஒதுக்கித் தள்ளியபோது யாரும் என்னை அப்படி அன்பாகப் பார்த்ததில்லை.

பூனை மேனேஜரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். காலையில் ஒவ்வோர் அறையாகப் போய், யார் வேலையிலும் திருப்தி இல்லாமல் திரும்பி வருகிற அவள் நடைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அவளுக்கென்று மீனும் முட்டையும் சேர்த்து இரண்டு கிராமில் தனியாகச் செய்தேன். தட்டில் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணை மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டுப் போகிறாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் குண்டுவின் பிஸ்கட்டை நிறுக்க ஆரம்பித்ததும் எங்கிருந்தாலும் வந்து தராசின்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறாள். மூன்று கிலோ எண்ணூறு. அவள் ஒருத்திதான் இந்த வீட்டில் எடை மாறாமல் இருக்கிறாள்.

சரி, நாளைக்குப் பத்தே துண்டு, சாவி என் இடுப்பில், அப்புறம் எப்படி எடை கூடும்? யாரோ திருட்டுத்தனமாகப் போடுகிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். முதல் சந்தேகம் கீழ்வீட்டுத் தையல்காரர்மேல். குண்டு படியிறங்கும்போதெல்லாம் அவர் கதவருகில் வாலாட்டுகிறான், காரணமில்லாமல் ஆட்டுவானா? நேரே போய்க் கேட்டேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், நான் மத்தியானம் சாப்பிடவே மறந்துட்டு தைச்சிட்டிருக்கேன். உங்க நாய்க்கு நான் எங்க போய்ப் போட?"

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். கேட்ட மன்னிப்புக்காக ஒரு சட்டை தைக்கவும் கொடுத்தேன், தேவையே இல்லாத சட்டை. அடுத்த சந்தேகம், சொல்லவே வாய் கூசுகிறது, என் மனைவிமேல். அவள் தட்டிலிருந்து ஏதாவது கீழே போகிறதா என்று மூன்று நாள் கதவுக்குப் பின்னால் நின்று கவனித்தேன். குண்டுவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் பார்க்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அவள் திரும்பிப் பார்க்காமலே, "ரெண்டு பேரும் உள்ள வந்தே பாருங்க, கால் வலிக்கும்" என்றாள்.

கடைசியாகச் சந்தேகம் டாக்டரின் தராசுமேல் திரும்பியது. நான் ஓய்வு பெற்றபோது ஆபீஸில் கொடுத்த பித்தளை எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மறு கையில் குண்டுவையும் பிடித்துக்கொண்டு போனேன். காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும், அவரவர் மடியில் இருந்த முயல், கிளி முன்னாலும், டாக்டரின் தராசில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தேன். ஒரு கிராம் வித்தியாசமில்லை. இவ்வளவு நேர்மையான தராசை நான் சர்வீஸில் பார்த்ததில்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் குண்டுவை ஏற்றினார். இருபத்தொரு கிலோ அறுநூறு.

"தராசு சரியா இருக்குல்ல சார்? அப்ப நாயைப் பாருங்க. இப்படியே போனா இருபத்தி நாலாம் தேதி ஆபரேஷன் இல்ல."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தீனியில் தப்பில்லை, அளவில் தப்பில்லை, ஆளில் தப்பில்லை. ஆகவே இது உங்களைப் பிரிந்த ஏக்கத்தில் உடம்பு ஊதுகிற கேஸ். எஜமானர் முகத்தைப் பார்த்தால் தானே வற்றிவிடும். எனவே நீங்கள் அவன் எடை குறையும்வரை காத்திராமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வந்துவிட வேண்டும். அறையைக் காலிசெய்து சாவியை மகளிடம் கொடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை நாங்கள் அங்கே இருப்போம். பேத்தியோடு நீங்கள் பதினாறு நாள் இருந்துவிட்டீர்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் திரும்பி வர அவ்வளவு ஆசையில்லாததும் நாய் இளைக்காததும் எப்படியோ ஒத்துப்போகின்றன என்பதை ஒரு ஆய்வாளன் கவனிக்காமல் இருக்க முடியாது. தவறாக நினைக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பேத்திக்கு நூறாயுசு, நல்ல பசி, நல்ல தூக்கம். சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவி தனியாக விசாரிப்புச் சொல்லச் சொன்னாள்.

என்றும் உங்கள் மேல் மாறாத மரியாதையுடன்,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையில் போடுமுன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தையல்காரர் வரைக்கும் போகவே விடவில்லை. 'குண்டுவே அழித்துக் கொடுத்துவிடுகிறான்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அழிக்கறதுன்னா?"

"ஒதுக்கினதை அவன் சாப்பிட்டுடுவான்."

"நாற்பதுமா?"

"தகுதியில்லாத சரக்குதானே, அது கணக்குல வராது."

அவள் என் நோட்டை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பதினாலு நாளில் ஏழு முறை போட்டேன். இருநூற்று எண்பது துண்டு. ஒரு கிலோ நானூறு கிராம். குண்டு கூடியது ஒரு கிலோ இருநூறு. மீதி வாலாட்டியதில் செலவாகியிருக்கும்.

"முப்பத்தொரு வருஷம் ஊர்ல எவன் கை தராசுல விழுதுன்னு பார்த்தீங்க" என்றாள். "சொந்தக் கையைப் பார்க்கல."

ஆகவே மேலே எழுதியதில் வணக்கத்தைத் தவிர எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவனுக்கு ஏக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. நீங்கள் கிளம்ப வேண்டாம், அறையைக் காலிசெய்ய வேண்டாம். உங்களைச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். என் மனைவி கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வதாகச் சொல்லி நாளைக் காலை தனியாகக் கிளம்புகிறாள், இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பதும் அவள்தான். நான் குண்டுவோடு இங்கே இருந்து அவனைப் பதினெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வருவேன். குறைந்தது இரண்டு மாதமாகும் என்கிறார் டாக்டர். அதற்குள் பேத்தி எனக்குத் தெரியாமலே வளர்ந்துவிடுவாள், ஆனால் நான் கொடுத்த பிஸ்கட்டுக்கு நான்தான் பொறுப்பு.

ஒரே ஒரு உதவி. பேத்தி எவ்வளவு கனம் இருக்கிறாள் என்று எழுதுங்கள். கிராம் வேண்டாம், அது ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே இருக்கும். தோளில் போடும்போது எவ்வளவு தெரிகிறாள், கொஞ்சமா, ஒரு கையா, இரண்டு கையா என்று சம்பந்தி அம்மாவையே எழுதச் சொல்லுங்கள். எனக்குப் புரியும்.