அரை பர்சென்ட் ஹாரன்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதுவரை ஓடிய வண்டிகளிலேயே மிக அதிக தூரம் தள்ளப்பட்ட வண்டி பர்சென்ட் அண்ணனுடையதுதான். எந்தக் கோர்ட்டில் கூப்பிட்டுக் கேட்டாலும் இதைச் சொல்வேன். தள்ளியவர்களில் நானும் ஒருத்தி.

மரக்காணத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தபோது அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். கீழே, தெருவைப் பார்த்த முன்னறை அவருடைய கடை. ஒரு காலத்தில் டி.வி., மிக்ஸி, மின்விசிறி எல்லாம் ரிப்பேர் பார்த்தவர். ஊரிலேயே முதல் ஆளாக ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். அன்றோடு மற்றதெல்லாம் அவருக்கு மறந்துபோனது. வண்டியின் முகப்பில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று ஒரு எண் மின்னுமே, அதைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். ரேஷன் கார்டில் அவருக்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. கூரியர்காரரே "பர்சென்ட் வீடு எதுங்க?" என்று கேட்டுத்தான் வருவார்.

சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூடப் பதில் சதவீதத்தில்தான் வரும்.

"இருவது பர்சென்ட்டுதான் இருக்குது டீச்சர். ரெண்டு இட்லி உள்ள போச்சுன்னா எம்பதுக்கு வந்துடும்."

அவர் மனைவி மல்லிகா அக்கா கோபமாக இருக்கும் நாட்களில் அண்ணன் என்னை வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"மோட்டார் போடச் சொல்லி இப்ப போய் கேட்டுடாதீங்க டீச்சர். உள்ள நூத்தியிருவது பர்சென்ட்டு."

"சார்ஜுக்கு நூறுக்கு மேல கிடையாதுண்ணே."

"உங்க புக்குல கிடையாது. எங்க வூட்ல இருக்குது."

கணக்கு டீச்சரிடம் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் பஸ் வராத ஒரு நாளில் கூனிமேட்டுப் பள்ளியில் ஒரு கூட்டத்துக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அவர் வண்டியின் பின்னால் ஏறிவிட்டேன். அறுபது சதவீதம் இருக்கிறது, கூனிமேடு போய்த் திரும்பலாம் என்றார். ஊர் எல்லை தாண்டவில்லை, எதிர்க்காற்று ஆரம்பித்தது.

"குடைய மடக்குங்க டீச்சர். காத்து ரெண்டு பர்சென்ட்டு தின்னுட்டு போவுது."

மடக்கினேன். எதிரே ஒரு மாடு. ஹாரன் அடிக்காமல் வாயாலேயே "ஓரம்! ஓரம்!" என்று கத்தினார். மாடு நகரவில்லை. மறுபடியும் கத்தினார்.

"ஹாரன் இருக்குல்லண்ணே?"

"ஒரு தபா அடிச்சா அரை பர்சென்ட்டு போயிடும் டீச்சர். கம்பியவே புடுங்கி வச்சிட்டேன்."

பக்கக் கண்ணாடிகளும் இல்லை. அவை காற்றைப் பிடிக்கின்றனவாம், கழற்றிக் கடை அலமாரியில் வைத்துவிட்டாராம். சாலை ஓரிடத்தில் வளைந்ததும் காற்று முதுகுப் பக்கம் வந்தது. உடனே, "இப்ப விரிங்க! குடைய விரிங்க டீச்சர்!" என்று கூவினார். நானும் விரித்தேன். இரண்டு பட்டம் வாங்கியவள், நடுச்சாலையில் பாய்மரமாக உட்கார்ந்திருந்தேன். அப்படியும் கூனிமேட்டுக்கு அரை மைல் முன்பே வண்டி படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம்.

கடைக்காரர் இவரைப் பார்த்ததும் டீ ஆற்றிக்கொண்டே சுவரைக் காட்டினார். "வாங்க பர்சென்ட்டு. இன்னிக்கு எவ்ளோ?"

"ஜீரோ பாய்."

"யா அல்லா! அந்த ஃபிரிட்ஜ் ஒயர கழட்டிட்டு சொருவிக்கோங்க."

பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் எந்தக் கடையில் பிளக் இருக்கிறது என்று அண்ணனுக்கு அத்துபடி. நாமெல்லாம் டீயை வைத்துக் கடையைச் சொல்வோம். அவர், "அங்க டீ சுமாராத்தான் இருக்கும் டீச்சர், ஆனா பிளக்கு சும்மா டைட்டா இருக்கும்" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் பன்னிரண்டு பெண்களின் பிழைப்பு வந்து மாட்டியது.

மல்லிகா அக்காவுக்கு உப்பளத்தில் வேலை. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கு மேஸ்திரி தலை எண்ணுவார். தெருவிலிருந்து உப்பளத்துக்கு நடந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஷேர் ஆட்டோ ஒன்று இருந்தது. அந்த ஆட்டோக்காரர் புதுச்சேரிப் பக்கம் நல்ல சவாரி கிடைக்கிறது என்று போய்விட்டார். அக்கா இரண்டு நாள் தாமதம். மூன்றாம் நாளும் தாமதமானால் உப்புப் பாத்தியில் வேறு ஆள் நிற்கும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அக்காவுக்கு மட்டுமல்ல, கூடப் போகும் பதினோரு பேருக்கும் அதே பேச்சு.

"நம்ம வண்டியில உன்னை கொண்டுபோயி விடுறேன் வா" என்றார் அண்ணன்.

"நான் மட்டும் ஏறிப் போனா மத்த பதினோரு பேர் மூஞ்சில எப்பிடிய்யா முழிப்பேன்?" என்று அக்கா திருப்பிக் கேட்டார்.

அண்ணன் அன்று முழுக்கக் கடை வாசலில் உட்கார்ந்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மறுநாள் புதுச்சேரிக்குப் போனார். அங்கே சுற்றுலா வருகிறவர்கள் தெருமுனையில் நிற்கும் ஸ்கூட்டரைப் போன் வைத்துத் திறந்து, ஓட்டி, வேறு தெருமுனையில் விட்டுவிட்டுப் போவதை அவர் முன்பே வாய் பிளந்து பார்த்திருக்கிறார். அப்படி வாடகைக்கு விடும் ஒருவரைப் பிடித்து, அவரிடம் பழசாகிப் போன ஆறு வண்டிகளைக் கேட்டார். என்ன பேசினாரோ, அந்த முதலாளி மசிந்தார்.

"ஒரு மாசம் வச்சிப் பாருப்பா. மாசம் முடியிற அன்னிக்கு காலைல பத்து மணிக்கு நானே வருவேன். ஆறும் ஆறா நிக்கணும், உப்பு பட்டு துரு ஏறியிருக்கக் கூடாது. நின்னா அங்கயே இருக்கட்டும். ஒண்ணு கொறைஞ்சாலும் எல்லாத்தையும் ஏத்திட்டு வந்துடுவேன்."

புதுச்சேரியில் போன் வைத்துத் திறப்பார்கள். உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்கள் போனை எங்கே வைத்துக்கொள்வது? அதனால் கடை வாசலில் ஆறு ஆணி, உப்பளத்து மோட்டார் ஷெட்டில் ஆறு ஆணி. சாவி ஆணியில் தொங்கும். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் எடுக்கலாம், வண்டிக்கு இரண்டு பேர். செயலி, பாஸ்வேர்டு எல்லாம் அந்த ஆணிதான்.

ஓட்டக் கற்றது ஒரு தனித் திருவிழா. உப்பளத்து வரப்புதான் பயிற்சி மைதானம். மல்லிகா அக்கா முதல் நாளே வளைவில் திரும்பாமல் நேராகப் பாத்திக்குள் இறங்கி, இடுப்பு வரை நனைந்து எழுந்து வந்தார்.

"வண்டி நல்லாத்தான் போச்சு. வரப்புதான் முடிஞ்சி போச்சு" என்றார்.

ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேரும் ஓட்டினார்கள். ஆறு வண்டிகள் சத்தமே இல்லாமல் விடியலில் வரிசையாகப் போவதை மாடியிலிருந்து பார்ப்பேன். சத்தம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு வாய்களிலிருந்துதான் வரும். மேஸ்திரி தலை எண்ண வருவதற்கு முன்பே இவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர்கூட ஒரு நாளும் பிந்தவில்லை.

வெயில் ஏறித் திரும்பி வந்ததும் வண்டிகளுக்கு உபசாரம் நடக்கும். நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் அண்ணன் ஒவ்வொன்றையும் துடைப்பார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். வண்டிகள் முடியும்வரை யாரும் குழாயில் கால் கழுவக் கூடாது.

"எனக்கு ஒரு நாளாச்சும் முதுவு தேச்சு விட்டிருக்கியாய்யா?" என்று அக்கா கேட்பார்.

"நீ துரு புடிக்க மாட்டியே" என்பார் அண்ணன். அன்று வீட்டில் எத்தனை சதவீதம் என்று நான் கேட்பதில்லை.

மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. கோடை விடுமுறை, நான் வீட்டில்தான் இருந்தேன். காலை எட்டு மணிக்கு, யாரும் எதிர்பாராத மழை வானத்தை உடைத்துக்கொண்டு கொட்டியது. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு பெண்களும் சொட்டச் சொட்ட நடந்தே வந்து சேர்ந்தார்கள். வரப்பெல்லாம் களிமண் வழுக்கல், வண்டி ஓட்ட முடியவில்லையாம். சாவிகளை மட்டும் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார்கள்.

"வண்டிங்க?" என்றார் அண்ணன்.

"பத்திரமா மூடி வச்சிட்டோம்யா" என்றார் அக்கா.

பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர் என்பதால் மறுநாள் வேலை இல்லை. யாரும் உப்பளத்துக்குப் போகவில்லை. பத்து மணிக்குச் சொன்னபடி முதலாளி வந்து நின்றார். ஆறு சாவிகளையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் உப்பளத்துக்குக் கிளம்பினோம். போய்ப் பார்த்தால் மோட்டார் ஷெட் பக்கம் ஒரு வண்டியையும் காணோம்.

அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. உப்பை வாரி மேட்டில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருப்பார்கள். மழை வந்தால் ஓடிப்போய் ஓலை போட்டு மூடிக் கயிறு கட்டுவது இந்தப் பெண்களுக்குத் தூக்கத்தில்கூட வரும். நேற்றும் வண்டிகள் நனையக் கூடாது என்று மேட்டில் ஏற்றி, கை பழகிய பழக்கத்தில் அவற்றுக்கும் அதே ஓலை, அதே கயிறு, அதே கட்டு. இப்போது மேடு முழுக்க ஐம்பது அறுபது ஓலைக் குவியல்கள். பெரிதும் சிறிதுமாக எல்லாம் ஒரே அம்மா பெற்ற பிள்ளைகள்.

"ஏம்பா, என் வண்டி எங்க?" என்றார் முதலாளி.

"இங்கதாங்க இருக்குது" என்று அண்ணன் மொத்த உப்பளத்தையும் கையால் காட்டினார்.

"எதுவாச்சும் நெனப்பிருக்குதா?" என்று அக்கா மற்றவர்களைக் கேட்டார். அடித்த மழையில் யார் எதை மூடினோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். வானம் இன்னும் கருப்பாக இருக்கிறது, பிரித்த அம்பாரம் கரைந்தால் யார் பதில் சொல்வது என்றார். அதுவும் நியாயம்தான்.

முதலாளி சிரித்தார். "ரிமோட் எதுக்குப்பா இருக்குது? அமுக்குனா வண்டி கத்துமே." ஆறு சாவிகளையும் வாங்கி மாற்றி மாற்றி அமுக்கினார். மேடு அமைதியாக இருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பிய புடுங்கிட்டீங்களாண்ணே?"

"அதுவும் அரை பர்சென்ட்டு திங்குது டீச்சர்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

முதலாளிக்கும் கேட்டுவிட்டது. "இத்தோட முடிஞ்சுது. லாரிக்கு போன் போடுறேன். கெடைக்கிறத ஏத்திட்டுப் போறேன்" என்று போனை எடுத்தார். பின்னால் நின்ற பதினோரு பெண்களும் வாயே திறக்கவில்லை. அவர்கள் சத்தமில்லாமல் நின்று அன்றுதான் பார்த்தேன். நாளைக்கு விடியற்காலையில் எத்தனை மணிக்கு எழுந்து நடக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் மனதில் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது.

மல்லிகா அக்கா மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து, குவியல்களின் அடியைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"எவ்ளோதான் இறுக்கி கட்டினாலும் உப்பு கொஞ்சம் கரையும் டீச்சர். ஓரத்துல வெள்ளையா கோடு உழும். வண்டி கரையுமா?"

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் குனிந்தார்கள். வெள்ளைக் கோடு இல்லாத முதல் குவியலைப் பிரித்தார்கள், வண்டி. அடுத்தது, வண்டி. பத்து நிமிடத்தில் ஐந்து வண்டிகள் வரிசையில் நின்றன. ஆறாவது மட்டும் அகப்படவே இல்லை. மேட்டை மூன்று முறை சுற்றினோம். கடைசியில் அக்கா முதலாளியின் எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கொஞ்சம் எழுந்திருங்க சார்."

கால் வலிக்கிறது என்று அவர் உட்கார்ந்திருந்த குவியல்தான் ஆறாவது.

ஆறையும் முதலாளி குனிந்து, தடவி, முகர்ந்துகூடப் பார்த்தார். பக்கக் கண்ணாடிகளைத்தான் காணோம், மற்றபடி ஒரு பொட்டுத் துரு இல்லை. தேங்காய் எண்ணெய் வாசம்தான் வந்தது. புதுச்சேரியில் ஓடும் அவருடைய புது வண்டிகள்கூட இப்படி இல்லையாம்.

"மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாதும்மா இந்த வண்டிக்கு. ஓலை எதுக்கு போட்டீங்க?" என்றார்.

"நம்ம பொருளு நனையிறத பாத்துட்டு எப்பிடி சார் வூட்டுக்குப் போறது?" என்றார் அக்கா.

முதலாளி போனைப் பைக்குள் போட்டார். வண்டிகள் இங்கேயே இருக்கட்டும், ஆனால் கண்ணாடியும் ஹாரனும் இன்றைக்கே திரும்ப மாட்டப்பட வேண்டும் என்றார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றிலும் கண்ணாடியையும் ஹாரன் கம்பியையும் மாட்டினார். தன் சொந்த வண்டியிலும் மாட்டினார். மாட்டினாரே தவிர, அதற்குப் பிறகும் மாடு எதிரே வந்தால் "ஓரம்! ஓரம்!" தான்.

அடுத்த வருடம் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. இங்கே ரயில் நிலைய வாசலில் வாடகை ஸ்கூட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. போனை நீட்டித் திறக்கிறேன், போகிறேன், யாரோ விட்டுப் போகிறார்கள், யாரோ எடுக்கிறார்கள். மழையில் அவை நனைவதைப் பார்த்தால் ஒரு ஓலை கிடைக்காதா என்று கண் தானாகத் தேடுகிறது. மரக்காணத்துக் கடை வாசலில் இப்போது பத்து ஆணிகள் ஆகிவிட்டனவாம், அக்கா போனில் சொன்னார்.

ஊரைவிட்டு வந்த நாளில் என் பெட்டியை முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றி, பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டவர் அண்ணன்தான். எத்தனை சதவீதம் இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அன்று மட்டும் முகப்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அண்ணன் சாலை ஓரத்தில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எதிரே மாடில்லை, ஆளில்லை. பஸ் திரும்பி மறையும்வரை, எடுத்த கையை மறுபடி வைத்து, மறுபடி வைத்து அடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றுக்கு அரை சதவீதம் என்றால் மொத்தம் எவ்வளவு போயிருக்கும் என்று எண்ண ஆரம்பித்தேன். ஏழுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.