மூக்கர் கண்டெடுத்த ட்ரஃபிள்

மொன்றியலில் மூக்கு இருக்கிறவர்கள் பல லட்சம் பேர். அதை முழுசாகப் பாவித்தவர் எங்கள் மூக்கர் ஒருவர்தான்.

நகருக்கு மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு உணவுச் சாமான் கிடங்கில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் சாமான் பதிகிறவன். கொண்டெய்னர் கதவு திறந்ததுமே, "பின்னுக்கு, இடப்பக்கம், அடியில ஒரு சோயா சோஸ் போத்தல் உடைஞ்சிருக்கு" என்பார். இறக்கிப் பார்த்தால் உடைந்திருக்கும். ஒருநாள் மேலாளர் அம்மா 'பொன்ஜூர்' சொல்ல முதலே, "அடுப்பில பாலை விட்டிட்டு வந்திட்டா" என்றார் மூக்கர். அவருக்குப் பிரெஞ்சு வராததால் நான் பிரெஞ்சில் சொன்னேன். அந்த அம்மா காருக்கு ஓடினார்.

எங்களோடு வேலை செய்த லூக்கின் அப்பா பிரான்சின் தென்மேற்கில் இருக்கிறவர். அங்கே நாயோடு காட்டுக்குப் போய், மண்ணுக்குள் விளையும் ட்ரஃபிள் என்ற காளானைத் தேடி எடுத்து முட்டைப் பொரியலில் சீவிப் போடுவது குடும்ப வழக்கம். கியூபெக் காட்டிலும் அது உண்டென்று கேள்விப்பட்ட லூக், நாய் வாங்கிப் பழக்கினான். மூன்று இலையுதிர்காலம் போயும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஞாயிறுதோறும் அப்பா தொலைபேசியில் கேட்பார். ஞாயிறு என்றாலே லூக் வெளிறிப்போவான்.

கடைசியில் மூக்கரையும், மொழிபெயர்க்க என்னையும் காட்டுக்குக் கூட்டிப் போனான். நாய்க்கு மணம் பழக்கும் ட்ரஃபிள் எண்ணெய்ப் போத்தலை மூக்கரிடம் நீட்டினான். மூக்கால் ஒரே இழுப்பு.

"இந்த மணத்தில பாதி கள்ளம். மிச்சப் பாதியை வைச்சுத் தேடுவம்."

நாய் அணிலைத் துரத்திக்கொண்டு மறைந்தது. லூக் நாயைத் துரத்திக்கொண்டு மறைந்தான். மூக்கர் ஓக் மரத்தடியில் குப்புறப் படுத்து, சருகை விலக்கி, மூக்கை மண்ணில் வைத்தார். பிறகு அடுத்த மரம். நாலாவது மரத்தடியில் எழும்பவே இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"அண்ணை, சுகமோ?"

"சத்தம் போடாதையும். இஞ்ச கிடக்கு."

விரலால் கிளறினார். எலுமிச்சங்காய் அளவில், செங்கபிலமாய் ஒரு கட்டி வந்தது.

"இம்பொசிபிள்!" திரும்பி வந்த லூக் தொப்பியைக் கழற்றினான். நாய் மூக்கரை ஒருமுறை பார்த்துவிட்டு, வாலை மடக்கிக்கொண்டு போய்க் காருக்கடியில் படுத்தது. லூக் அந்த இடத்திலேயே அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து அழுதான்.

மத்தியானம் தன் வீட்டில் வெண்ணெயில் முட்டை பொரித்து, மேலே மெல்லிசாகச் சீவிப் போட்டுத் தந்தான். ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். நானும் மூடினேன். நடிப்புத்தான். இரண்டு வருசத்துக்கு முந்தி வந்த காய்ச்சலோடு எனக்கு மணம் உணரும் சக்தி போனது; திரும்பவில்லை. ஒருவருக்கும் சொன்னதில்லை.

"நடிக்காதையும் தம்பி," என்றார் மூக்கர் மெதுவாக. "போன கிழமை நீர் புளிச்ச சோத்தை ரசிச்சுச் சாப்பிட்டனீர். அண்டைக்கே எனக்குத் தெரியும்."

கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"நீர் சாப்பிடும், நான் சொல்லுறன். முதல்ல, மழை விழுந்த மண். அதுக்குள்ள, நெய்யில வதங்கின உள்ளிப்பூண்டு. விழுங்கேக்க… உம்மட பிள்ளை பிறந்தண்டைக்கு உச்சந்தலையை மணந்தனீர்தானே? அதில ஒரு துளி."

வாய்க்கு வாய் ஒன்று சொன்னார். சொன்னதையே திருப்பிச் சொல்லவில்லை. என் தட்டு வெறுமையான பிறகுதான் பார்த்தேன்: அவருடைய முட்டை தொடாமலே ஆறிப்போய் இருந்தது.