பெண் பார்க்கப் போய்ப் பூவை வெட்டிய கதை

பதற்றத்தில் சிலருக்குப் பேச்சு வராது. எனக்குப் பாடம் நடத்த வரும். இந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வித்யாவைப் பெண் பார்க்கப் போயிருந்தோம். அதற்கு முன் அவளோடு இரண்டு தடவை வீடியோ காலில் பேசியிருந்தேன். இரண்டாவது காலிலேயே, இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆவேன் என்ற பயம் வந்துவிட்டது. அதனால்தான் அம்மா, "நீ வாயத் தொறக்காத, அது போதும்" என்று ஆட்டோவில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஹாலில் பெரியவர்கள் மெட்ரோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வித்யா உள்ளே இருந்தாள். நாங்கள் கொண்டுபோன தட்டில் வெற்றிலை, பழம், அம்மா பேரம் பேசி வாங்கிய மல்லிகைச் சரம். என் பக்கத்தில் வித்யாவின் அண்ணன் மகள் அனன்யா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், லைன், ரே, லைன் செக்மென்ட், மூணுக்கும் என்ன டிஃபரன்ஸ்?"

(அங்கிளாம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயசு.)

ரொம்ப சுலபம் என்றேன். என்ஜினியர் அல்லவா. கண்ணெதிரே நீளமாக இருந்தது அந்தச் சரம் மட்டும்தான். அவள் பென்சில் பெட்டியிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தேன். (பெண்ணுக்கென்று கொண்டுபோன பூவில், அவள் தலையில் வைக்கும் முன் கத்திரி வைக்கலாமா என்று நீங்களும் கேட்காதீர்கள். அம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.)

"பாரு, வெட்டினேனா? ரெண்டு பக்கமும் முனை. இது லைன் செக்மென்ட்."

"அப்ப ரே?"

"ரேக்கு ஒரு முனைதான்" என்று ஒரு பக்கம் மட்டும் வெட்டினேன்.

"இப்பவும் ரெண்டு முனை இருக்கே அங்கிள்."

இன்னொரு வெட்டு. மறுபடியும் இரண்டு முனை. எங்கே வெட்டினாலும் லைன் செக்மென்ட்டாகவே வந்தது. அவமானத்தில் கை நிற்கவில்லை. நிமிர்ந்தபோது மெட்ரோ பேச்சு நின்றிருந்தது. சோபா முழுக்கப் பூ. வித்யாவின் அப்பா கத்திரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், என்னடா பண்ணி வச்சிருக்க" என்றாள் அம்மா, சத்தமே வராமல்.

அந்த நேரம் பார்த்து வித்யா காபியோடு வந்து நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். திரும்பிப் போகும்போது ஆட்டோவில் அழாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் அடுத்த கவலை.

அவள் டிரேயை வைத்துவிட்டு அனன்யாவின் பென்சிலை வாங்கினாள்.

"நோடு, இங்க பாரு. இந்தப் புள்ளியில ஆரம்பிக்குது. அந்தப் பக்கம் அம்புக்குறி. முடியாம போய்க்கிட்டே இருக்குன்னு அர்த்தம். இதான் ரே. ரெண்டு பக்கமும் அம்பு போட்டா லைன். அங்கிள் எவ்ளோ வெட்டினாலும் ரே வராது."

பிறகு இருந்ததிலேயே நீளமான துண்டைத் தேடி எடுத்தாள். நாலு விரல் அகலம்கூட இருக்காது. அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். "காபி ஆறுது, எடுத்துக்குங்க" என்றார் அவள் அப்பா, என் அம்மாவிடம். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கு வந்ததா என்று நினைவில்லை. அந்தத் துண்டுப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்றும் நான் பூத்தட்டுப் பக்கம் போனால் யாராவது கத்திரிக்கோலை ஒளித்துவைப்பார்கள். வெள்ளிக்கிழமை பூ வாங்கி வந்தால், கதவைத் திறந்ததும் வித்யா கேட்பாள்:

"செக்மென்ட்டா, ரேயா?"

"ரே."

"அம்பு எங்க?"

அதனால் பொட்டலத்தின் மேல் ஒரு அம்புக்குறி போட்டுத்தான் கொண்டுவருகிறேன். பூக்காரம்மா முதலில் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போது பூவைக் கட்டியதும் அவரே பேனாவை எடுத்து நீட்டுகிறார்.