கன்னையா பஸ்ஸுக்கு முன்பக்கம் எது?

முப்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதத்தில், மோட்டார் வண்டிகள் சில சமயம் பின்னாலும் போகின்றன என்ற உண்மை சர்க்காருக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? உடனே ஓர் உத்தரவு பிறந்தது. வாடகைக்கு ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வெள்ளை விளக்கு இருக்க வேண்டியது. வண்டி பின்னோக்கிச் செல்லுங்கால் அது எரிய வேண்டியது. முன்னோக்கிச் செல்லுங்கால் எரியாதிருக்க வேண்டியது. தவறினால் லைசென்ஸ் ரத்து. விளக்கை எந்தப் பக்கம் மாட்டுவது என்று மட்டும் உத்தரவில் இல்லை. பெரிய இடத்தில் சின்ன விஷயங்களைக் கவனிப்பதில்லை.

நான் பக்கிரிசாமி, பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்து, கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுக்கிறவன். தினம் போகவர எனக்குக் கன்னையா அண்ணன் பஸ்தான். அவரே முதலாளி, அவரே டிரைவர். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் மகள் தங்கமணிக்குக் கிள்ளானில் கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் இராமலிங்கம், இருபத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். "பஸ் முதலாளி வீட்டுப் பொண்ணுன்னுதான் சம்மதிச்சேன்" என்று பந்தலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் பரிசோதனையோ புதன்கிழமை. பாஸாகாவிட்டால் பஸ் இல்லை; பஸ் இல்லாவிட்டால் முதலாளி இல்லை; முதலாளி இல்லாவிட்டால் மாப்பிள்ளை இல்லை. அந்தப் பெண்ணின் வாழ்வு ஒரு பல்பில் தொங்கியது ஐயா!

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் சிரில் வந்து பஸ்ஸின் வாலில் விளக்கை மாட்டினார். ஞாயிறு பூசை தவறாத மனுஷர். ஆனால் வயர் விஷயத்தில் ஏதோ பாவம் செய்துவிட்டார். பஸ் பின்னால் போனபோது விளக்கு இருண்டு கிடந்தது. முன்னால் போனபோது ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

"என்ன சிரிலு, தலைகீழா எரியுது?"

"எரியுதுல்ல அண்ணே? முக்கால்வாசி வேலை முடிஞ்ச மாதிரிதான்."

மிச்சக் கால்வாசிக்காகச் சாயங்காலம் வரைக்கும் முட்டி மோதினார். பல்பை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், வேட்டியைக்கூட ஒரு தடவை மாற்றிக்கொண்டு வந்தார். விளக்கு மசியவில்லை.

"விடுங்கண்ணே, ஆபீஸ்ல பகல்லதான் பாக்கிறாங்க. வெயில்ல பல்பு எரியிறது எவன் கண்ணுக்குத் தெரியும்லா" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பரிசோதனை ஆபீஸில், பெரிய கிராணி மரியநாயகம் அதற்கெல்லாம் ஏமாறுகிறவரா? ஒரு கோணிச் சாக்கை வரவழைத்து, விளக்கையும் தம் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டார். கூட்டம் கூடிவிட்டது.

"முன்னால் விடும்!" என்றது சாக்கு. பஸ் நகர்ந்தது. சாக்கும் பின்னாலேயே குனிந்து ஓடியது. "எரிகிறது! பின்னால் விடும்!" பஸ் பின்னால் வந்தது. சாக்கு தடதடவென்று பின்வாங்கிக் கால்வாயில் ஒரு காலை விட்டு, "எரியவில்லை!" என்று அறிவித்தது.

கன்னையா அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, வெள்ளிக்கிழமை மக கல்யாணம். கெடுத்துப்புடாதீங்க" என்று கும்பிட்டார்.

மரியநாயகம் ஈரக்காலோடு யோசித்தார். வண்டியை ஃபெயில் செய்ய நாலு நகல் எழுதித் துரையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். துரை மலையில் காற்று வாங்கப் போயிருந்தார். பாஸ் செய்வதற்கோ ஒரு முத்திரை போதும்.

"அழாதேயும். உத்தரவு என்ன சொல்கிறது? வண்டி பின்னோக்கிப் போனால் விளக்கு எரியும். உம்முடைய விளக்கு எரிந்தது. ஆகவே வண்டி பின்னோக்கிப் போயிருக்கிறது."

"ஐயா, மூக்குப் பக்கமால்ல போச்சு?"

"மூக்கைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை."

"அப்ப விளக்கு?"

"முதல்தரமான விளக்கு. நீர்தான் இத்தனை வருஷமாக வண்டியைத் திருப்பி ஓட்டியிருக்கிறீர்."

சொன்னவர் எழுதியும் கொடுத்தார்: 'மேற்படி வாகனத்தின் முன்பக்கமானது, இதுகாறும் பின்பக்கமென்று தவறுதலாகக் கருதப்பட்டு வந்த பக்கமேயாகும். இனி அத்திசையிலேயே செலுத்தப்பட வேண்டியது.' கீழே உள்ளங்கை அகலத்துக்கு முத்திரை. கன்னையா அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி முகூர்த்தத்துக்கு விடியும்போதே புறப்பட்டோம், வால் முன்னே, மூக்கு பின்னே. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கழுத்தைத் திருகிக்கொண்டு ஓட்டினார். அவர் மனைவி நல்லம்மாள் வால் பக்கத்தில் நின்று வழி சொன்னார். "வலது! வலதுன்னா என் வலது! ஐயோ, மாடு! மாடுன்னா நிப்பாட்டுங்க!" மாட்டுவண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. மணப்பெண் முதலில் அழுதாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பஸ் முழுக்கத் தொற்றிக்கொண்டது.

கிள்ளானில் மேளம் நின்றது. இராமலிங்கம் முகம் சிவந்து வந்தார். "என்ன சம்பந்தி, மாப்பிள்ளை வீட்டுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு வர்றீங்க? இது எந்த ஊர் மரியாதை?"

அண்ணன் பத்திரத்தை நீட்டினார். இராமலிங்கம் படித்தார், மறுபடி படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார். சர்க்கார் முத்திரையை எதிர்த்து அவர் பரம்பரையிலேயே ஒருவரும் நின்றதில்லை.

"அடடா!" என்றவர், ஆரத்தித் தட்டோடு மூக்குப் பக்கம் ஓடிய பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அங்க எங்கம்மா போறீங்க, கூறுகெட்டவங்களா! முன்பக்கம் இங்கல்ல இருக்கு!"

அவர்கள் ஓடிவந்து வாலுக்கு ஆரத்தி சுற்றினார்கள். உபரி டயருக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். தேங்காய் உடைந்தது, மேளம் முழங்கியது, தங்கமணி கழுத்தில் தாலி ஏறியது.

அதோடு விட்டிருந்தால் தேவலை. "முன்பக்கத்துக்கு சர்க்கார் முத்திரை வாங்கின பஸ் என் சம்பந்தி பஸ் ஒண்ணுதான்" என்று இராமலிங்கம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். மற்ற முதலாளிகளுக்குப் பொறுக்குமா? சிரிலிடம் வரிசையில் நின்று, "நமக்கும் அந்த மாதிரியே வயர் போடு" என்றார்கள். பினாங்கு வரை போய்வந்த ஒருவர், "லண்டன்ல ரொம்ப நாளா இப்படித்தான்" என்றார். அவ்வளவுதான், கௌரவமான கார் ஒவ்வொன்றும் பின்னால் போகத் தொடங்கியது. பயணிகள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதே நாகரிகமாயிற்று. நேராகப் பார்த்து உட்கார்ந்தவனைத் ரப்பர் தோட்டத்திலிருந்து நேற்று வந்தவன் என்றார்கள்.

கன்னையா அண்ணனுக்குத்தான் கழுத்து ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. சோறு சாப்பிடக்கூடப் பக்கவாட்டில் உட்கார வேண்டியதாயிற்று. ஒருநாள் சிரில் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அண்ணே, ரெண்டு வயர் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்!" அஞ்சு நிமிஷத்தில் விளக்கு சரியாகிவிட்டது. மறுநாள் காலை அண்ணன் ஆனந்தமாக மூக்கை முன்னால் விட்டு வந்து நின்றார்.

ஒருவரும் ஏறவில்லை.

"என்ன அண்ணே, பஸ் பழுதா?" என்றார் ஒருவர். "குடும்பத்தோட இதுல போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார் இன்னொருவர். சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்த இராமலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சம்பந்தி, முத்திரை வாங்கின முதலாளி மகளைத்தான் என் மகன் கட்டினான். இப்படி எல்லாரும் பார்க்க வந்தீங்கன்னா, உங்க பொண்ணை எங்க வீட்டுல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சுக்குங்க."

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. என் பக்கம் திரும்பினார். "பக்கிரி, தினம் வர்றவன் நீ. நீயே சொல்லு. பஸ்ஸு முன்னால போறது நல்லாத்தானே இருக்கு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்லாத்தான் இருக்கும், சொர்க்கமாக இருக்கும். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நமக்கெதுக்கண்ணே வம்பு?" என்றேன். "எல்லாரும் போற மாதிரியே போயிருவோம்லா."

அண்ணன் சிரிலைக் கூப்பிட்டு, "நல்லா இருக்கிறதைப் பழையபடி கெடுத்துக் குடு" என்றார். அதற்கும் அஞ்சு நிமிஷம்தான் ஆயிற்று. ஜனம் முண்டியடித்து ஏறியது.

கிள்ளான் போகிற வரைக்கும் என் கழுத்து விண்விண் என்று தெறித்தது. பக்கத்து ஸீட்காரரிடம் சொல்லிப் புலம்பலாம் என்று பார்த்தேன். அவரும் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்துவிட்டு, "ஜோரான சவாரி, இல்லையா?" என்றார்.

"பிரமாதம்" என்றேன்.